பிறந்த வரிசைக்கு ஒரு ரிப்போர்ட்: ஏற்காட்டு ஒருநாள் முகாமுக்குப் போகலாமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் அருமை, சாப்பாடு அதைவிட அருமை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் இருவரும் தங்கமானவர்கள், கடைசியில் கையில் கொடுக்கிற ரிப்போர்ட் மட்டும் தண்டச்செலவு. ஏன் என்று தெரிய வேண்டியவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சேலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் வாட்சப்பில் இந்த மாதிரி ஒரு விளம்பரம் எப்படியும் வந்து போயிருக்கும். "உங்கள் குழந்தை தலைச்சனா, நடுப்பிள்ளையா, கடைக்குட்டியா? குணம், படிப்பு, தொழில் எல்லாம் பிறந்த வரிசையிலேயே தெரியும்! ஏற்காட்டில் ஒருநாள் குடும்ப முகாம்." நடத்துகிறவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. இதே சரக்கை வேறு வேறு பெயரில் பல பேர் விற்கிறார்கள், எனக்கு ஆளோடு சண்டை இல்லை, சரக்கோடுதான். பெற்றோர் இருவர், ஒரு பிள்ளை, ஒரு ரிப்போர்ட், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். இரண்டாவது பிள்ளையின் ரிப்போர்ட் பாதி விலை. "ரெண்டாவதுன்னாலே பாதிதான்னு ரிப்போர்ட் எடுக்காமலே சொல்லிட்டாங்க பாரு" என்று என் வீட்டுக்காரர் பணம் கட்டும்போதே சிரித்தார். அவர் அவங்க வீட்டில் மூன்றாவது. எங்களுக்கு இரண்டு பெண்கள், பெரியவளுக்கு 13, சின்னவளுக்கு 9. மலை ஏறி ரொம்ப நாளாச்சு, நானும் வரேன் என்று அத்தையும் (என் மாமியார்) கிளம்பிவிட்டார், அவருக்குச் சாப்பாட்டுக் காசு மட்டும் தனியாக வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குக் கொடுத்த காசுக்கு ஏதாவது மதிப்பு கிடைத்தது என்றால் அது அத்தையால்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

போகிற வழி பற்றி ரெண்டு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு மணிக்கு முன்னாலேயே அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள், அதற்கப்புறம் பெங்களூரு வண்டிகளும் பைக் பையன்களும் சேர்ந்து வந்து 20 கொண்டை ஊசி வளைவிலும் ஊர்ந்துதான் ஏற வேண்டியிருக்கும், வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் பாதி வளைவிலேயே நாள் போய்விடும். முகாம் நடப்பது ஏரியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச்செடி, நடுவில் சுத்தமான புல்தரை, வண்டி நிறுத்த இடம் தாராளம். காலையில் பொங்கலும் கெட்டிச் சட்னியும். மதியம் கொள்ளு ரசம், அரசாணிக்காய்ப் பொரியல், அப்பளம், தயிர். அந்தக் கொள்ளு ரசத்தை அத்தை கையில் வாங்கிக் குடித்துவிட்டு சமையல்கார அம்மாவைத் தேடிப்போய், கொள்ளை எவ்வளவு நேரம் வேகவைத்தாய், பூண்டைத் தட்டிப் போட்டாயா நசுக்கிப் போட்டாயா என்று விசாரித்துவிட்டு வந்தார். சாப்பாட்டுக்கு முழு மார்க்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

வந்தவுடன் ஒரு ஃபாரம் கொடுக்கிறார்கள், பிள்ளை ஒன்றுக்கு ஒன்று, பெற்றோர் நிரப்ப வேண்டும். "என் குழந்தை சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கும்", "என் குழந்தை மற்றவர்களுக்குப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்" என்று வரிசையாக இருக்கும், ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடிக்க வேண்டும். புல்தரையில் உட்கார்ந்து இரண்டு ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். பெரியவளுக்கு நாலு, சின்னவளுக்கு இரண்டு. பெரியவளுக்கு நாலு, சின்னவளுக்கு இரண்டு. இப்படியே போனால் முடிவு என்ன வரும்? தலைச்சன் பொறுப்பானவள், கடைக்குட்டி விளையாட்டுத்தனமானவள் என்றுதான் வரும். பெரியவள் 9 வயதில் எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்கவே இல்லை. ஹோம்வொர்க் நோட்டை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்து அழுகிறவளாக இருந்தாள். ஒரே நாளில் இரண்டு பேரையும் ஒப்பிட்டால் மூத்தது எப்போதும் நாலு வயது முன்னால்தான் நிற்கும், அது வயதின் வேலையா வரிசையின் வேலையா என்று இந்த ஃபாரத்தால் எப்படித் தெரியும்? இதைப் பயிற்சியாளரிடம் கேட்டேன். நல்ல கேள்வி மேடம், மதியம் அதைப் பற்றிப் பேசுவோம் என்றார். மதியம் பேசவில்லை.

அடுத்தது ஸ்லைடு. மனுஷன் நன்றாகப் பேசுகிறார், அதைச் சொல்லத்தான் வேண்டும், தூக்கம் வரவில்லை. வியன்னாவின் மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லரில் தொடங்கினார். முதல் பிள்ளை அரியணையில் இருக்கும், தம்பி தங்கை வந்ததும் அரியணை பறிபோகும், அதனால் அது பொறுப்பாகவும் கவலையோடும் வளரும், நடுப்பிள்ளை போட்டிபோடும், கடைசிப்பிள்ளை செல்லத்தில் ஊறும், இதெல்லாம் ஆட்லர் சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆட்லர் தன்னிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களைப் பார்த்து யோசித்துச் சொன்னது இது, ஆயிரம் வீடுகளை அளந்து பார்த்துச் சொன்னதில்லை. (ஆட்லருக்கு ஒரு அண்ணன் இருந்தார், அவர் இரண்டாவது. அண்ணன் அரியணை பற்றித் தம்பி எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் பிரான்சிஸ் கால்டன். 1874-லேயே இங்கிலாந்து விஞ்ஞானிகளைக் கணக்கெடுத்து மூத்த மகன்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று சொன்னவர். அன்றைக்கு இங்கிலாந்தில் பெரிய குடும்பங்களின் சொத்து மூத்தவனுக்குத்தான் போகும், கையில் காசும் நேரமும் உள்ளவன் ஆராய்ச்சி செய்வான், அதில் மூளைக்கு என்ன தனிச் சிறப்பு? இதை ஸ்லைடில் சொல்லவில்லை. கால்டன் தன் வீட்டில் கடைக்குட்டி என்பதையும் சொல்லவில்லை.

"தலைச்சன்கள் தலைவர்கள்" என்று ஒரு ஸ்லைடு வந்தது பாருங்கள், அதில் வரிசையாகப் படங்கள், நடுவில் அப்துல் கலாம். என் பெரியவள் கையைத் தூக்கி, "அங்கிள், கலாம் அவங்க வீட்ல கடைசிப் பையன்" என்றாள். கூடத்தில் சிரிப்பு. பயிற்சியாளர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "கரெக்ட்மா, ஆனா அவருக்குள்ள ஒரு தலைச்சன் இருந்தார்" என்றார். அங்கேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொருந்தினால் விதி, பொருந்தாவிட்டால் உள்ளே ஒரு தலைச்சன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "எங்கூர்ல மூத்தது மோழை இளையது காளைன்னுல்ல சொல்லுவாங்க" என்றார். ஆக வியன்னாவில் மூத்தவன் ராஜா, நம்மூரில் மூத்தவன் மோழை (கொம்பில்லாத மாடு), எதைச் சொன்னாலும் தலையாட்ட நாலு உதாரணம் கிடைக்கும். சி.வி. ராமன் எட்டுப் பேரில் இரண்டாவது. விஸ்வநாதன் ஆனந்த் மூன்று பேரில் கடைசி. நம் மாவட்டத்து கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் வீட்டுக்கு மூத்தவர். வைஷாலி அக்கா, பிரக்ஞானந்தா தம்பி, இரண்டு பேருமே செஸ்ஸில் கிராண்ட்மாஸ்டர். இதை வைத்து எந்த ஸ்லைடு வேண்டுமானாலும் போடலாம்.

சரி, அப்படியானால் இது முழுக்கக் கட்டுக்கதையா என்றால் அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், பணம் கட்டிய வயிற்றெரிச்சல்தான் காரணம். படிப்பு, அறிவுச் சோதனை என்று வரும்போது மூத்த பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் நிற்பது உண்மை, அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நார்வேயில் ராணுவத்துக்குப் போகிற வாலிபர்களுக்கு எல்லாம் அறிவுச் சோதனை வைப்பார்கள், அதில் சுமார் 2,40,000 பேரின் மதிப்பெண்ணை எடுத்து 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. மூத்தவர்களின் சராசரி 103-ஐ ஒட்டி, இரண்டாமவர்கள் 101, மூன்றாமவர்கள் 100. அவ்வளவுதான் வித்தியாசம், இரண்டு மூன்று புள்ளி. லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும், உங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரைப் பார்த்தால் தெரியாது. 2015-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் 20,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்து இதையே உறுதி செய்தார்கள், கூடவே ஒன்று சொன்னார்கள்: அண்ணன் தம்பி ஜோடிகளில் பத்துக்கு நாலில் தம்பிதான் கெட்டி. குணத்தில் என்ன கிடைத்தது? கலகலப்பு, பொறுப்பு, பொறுமை, பதற்றம் எதிலும் பிறந்த வரிசைக்குச் சொல்லும்படியான பங்கு இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 3,77,000 உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்விலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதுதான். அண்மையில் கனடா ஆய்வாளர்கள் இருவர் ஏழு லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டு, நடுப்பிள்ளைகளிடமும் நிறைய பேர் உள்ள வீட்டுப் பிள்ளைகளிடமும் அடக்கமும் அனுசரிப்பும் ஒரு இம்மி அதிகம் என்றார்கள், அதிலும் பெரும்பங்கு வீட்டில் எத்தனை பேர் என்பதற்குத்தான் போகிறது. பிற்பாடு பிறந்தவர்கள் கலகக்காரர்கள், டார்வின் கொள்கை மாதிரிப் புதுமைகளை ஆதரிப்பவர்கள் என்று 1996-ல் ஃபிராங்க் சல்லோவே என்ற அமெரிக்கர் சொன்னது அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது, பயிற்சியாளரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார். அதற்கப்புறம் வந்த பெரிய ஆய்வுகளை அவர் தொடவே இல்லை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை ஆய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். ஐந்தாவதாக ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்றால் அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தாக வேண்டும். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒற்றைப்பிள்ளை வீட்டுக்கும் வருமானம், அம்மா படித்த படிப்பு, வாழ்ந்த காலம் எல்லாமே வேறு. அப்போது ஐந்தாவது பிள்ளை பின்தங்கினால் அது ஐந்தாவதாகப் பிறந்ததாலா, அந்த வீட்டில் பிறந்ததாலா? ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டால்தான் இது பிரியும், பழைய ஆய்வுகளில் பலது அதைச் செய்யவில்லை.

இப்போது அத்தை விஷயம். ஸ்லைடு முடிந்ததும் எல்லாரையும் மரம் மரமாகப் பிரித்தார்கள், தலைச்சன்கள் ஒரு மரத்தடி, நடுப்பிள்ளைகள் ஒன்று, கடைக்குட்டிகள் ஒன்று, ஒற்றைப்பிள்ளைகள் ஒன்று. நடுப்பிள்ளை மரத்தடியில் பிள்ளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் அப்பா அம்மாக்கள், தாத்தா பாட்டிகள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, நடுப்பிள்ளைக்கு எங்கே போவது? அத்தை மட்டும் நடுவில் நின்றுகொண்டு, "தம்பி, நான் மூணாவதுங்க. எனக்கு முன்னாடி பொறந்தது ரெண்டும் தங்கல. எனக்குக் கீழ நாலு பேரு. அப்ப நான் எந்த மரத்துக்குப் போறது?" என்று கேட்டார். பயிற்சியாளர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், மூன்றாவது, கீழே தம்பி தங்கை உண்டு, ஆகவே நடு என்று நடுப்பிள்ளை மரத்தைக் காட்டினார். அத்தை போய் உட்கார்ந்தார், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்த மரத்தடியில் இருந்தவர்களுக்கெல்லாம் யார் முதலில் பேசுவது, யார் தண்ணீர் எடுத்து வருவது என்று வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் மேலே சொன்ன நார்வே ஆய்வின் அசல் விஷயம் இதுதான், அத்தை கேட்ட அதே கேள்வி. அண்ணனோ அக்காவோ குழந்தையிலேயே இறந்துபோய், இரண்டாவதாகப் பிறந்து மூத்த பிள்ளையாக வளர்ந்தவர்களையும் அவர்கள் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் மூத்தவர்களோடுதான் போய் நின்றது. வயிற்றில் எத்தனாவது என்பதற்கு ஒரு வேலையும் இல்லை, வீட்டில் எத்தனாவதாக வளர்ந்தாய் என்பதற்குத்தான் வேலை. அதாவது அத்தையை அனுப்பியிருக்க வேண்டியது தலைச்சன் மரத்தடிக்கு. 4,500 ரூபாய் வாங்குகிற முகாமில் இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஏன் மூத்தவருக்கு அந்த இரண்டு மூன்று புள்ளி என்பதற்குச் சொல்லப்படுகிற காரணங்களும் வீட்டுக்காரியங்கள்தான். அமெரிக்காவில் குடும்பங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கின்றன என்ற கணக்கை வைத்து 2008-ல் வந்த ஆய்வு, அதே வயதில் இரண்டாவது பிள்ளைக்குக் கிடைத்ததைவிட மூத்த பிள்ளைக்கு அப்பா அம்மாவோடு தினமும் 20 முதல் 30 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றது. யாரும் ஓரவஞ்சனை செய்வதில்லை, இருக்கிற நேரத்தை இரண்டாகப் பிரித்தால் அப்படித்தான் வரும். இன்னொன்று, மூத்தது இளையதுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, சொல்லிக்கொடுக்கிறவனுக்குத்தான் பாடம் நன்றாக ஏறும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்டவர்களுக்கு இது புரியும், சின்னவள் சொல்வதைவிடத் திருத்துகிற பெரியவளின் சத்தம்தான் தெருவுக்குக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் வீடு சிவதாபுரம் பக்கம், கொலுசுப் பட்டறைக் குடும்பம். மூத்த மச்சாண்டார் பத்தாவதோடு நிறுத்திவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்தவர், அன்றைக்கு வெள்ளி வாங்கக் காசு இல்லை, கூலிக்குத்தான் வேலை. இரண்டாவது மச்சாண்டார் பன்னிரண்டாவது வரை போனார். மூன்றாவதாக இவர் வருகிற நேரத்தில் பட்டறை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, இஞ்சினியரிங் கட்டணத்தை அண்ணன்கள் கட்டினார்கள். நாலாவது கொழுந்தனார் எம்.பி.ஏ. இந்த வீட்டைப் பார்த்து யாராவது கடைசிப் பிள்ளைக்குத்தான் படிப்பு வரும் என்று சொன்னால் மூத்த மச்சாண்டாரே சிரிப்பார். கணக்கில் அந்த வீட்டிலேயே அவர்தான் புலி, கிராமுக்கும் மில்லிக்கும் சேதாரத்தை வாயிலேயே போட்டுச் சொல்வார். நார்வேயில் மூத்தவன் அதிகம் படிக்கிறான், சிவதாபுரத்தில் மூத்தவன் படிப்பை விட்டான், இரண்டிலும் வரிசை வேலை செய்தது, ஆனால் அது பிள்ளையின் மண்டைக்குள்ளே உட்கார்ந்து செய்யவில்லை, அந்தந்த வருஷம் வீட்டில் எவ்வளவு காசு, எத்தனை கை தேவை என்பதில் செய்தது. இதைத்தான் அந்த ரிப்போர்ட் பிள்ளையின் குணம் என்று கலர் பிரிண்ட் போட்டு விற்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வரிசை என்ன செய்தது என்பதைச் சேலத்தில் நடக்கிற ஒரு முகாம் ஒரு ஸ்லைடிலாவது சொல்லியிருக்கலாம். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான், பெண்சிசுக் கொலையைத் தடுக்கத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் பெண்ணை ஏற்றுக்கொண்ட வீடுகளில்கூட இரண்டாவது, மூன்றாவது பெண் என்றால்தான் ஆபத்து. அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கடைக்குட்டியின் கலகலப்பு பற்றிப் பேச முடியுமா? இந்தியப் பிள்ளைகள் ஏன் ஆப்பிரிக்கப் பிள்ளைகளைவிடக் குள்ளமாக இருக்கிறார்கள் என்று சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. முதல் மகனின் உயரத்தில் குறையே இல்லை, ஆப்பிரிக்காவின் மூத்த மகன்களைவிட நம்மவன் உயரமாகவே இருக்கிறான். இரண்டாவது பிள்ளையில் குறை தொடங்குகிறது, அடுத்தடுத்த பிள்ளைகளில் கூடிக்கொண்டே போகிறது. மூத்த ஆண்பிள்ளைக்குத் தட்டில் முதலில் போடுகிற பழக்கம் எலும்பில் தெரிகிறது. பிறந்த வரிசையின் பாதிப்பு என்று ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் முதலில் சொல்லித்தர வேண்டியது இதை.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். 14 பக்கம், வழவழப்பான தாள், மேலே பெயர். மாலை டீயும் மிளகாய் பஜ்ஜியும் கொடுக்கும்போது கையில் தந்தார்கள். பக்கத்தில் ஆத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், அவர்கள் பையனும் தலைச்சன்தான். இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றிப் பார்த்துக்கொண்டோம். பெயரைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. என் பெரியவளுடையதில் ஆறாம் பக்கத்தில், "அவன் தன் தம்பிக்கு வழிகாட்டியாக இருப்பான்" என்று இருந்தது. அவள் பெண், இருப்பது தங்கை. ஃபாரத்தில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து டிக் அடித்ததெல்லாம் எங்கே போயிற்று? தினத்தாளில் ராசிபலன் பார்ப்பதற்குச் சில ரூபாய் போதும், அதிலாவது தினமும் மாற்றி எழுதுகிறார்கள். சின்னவளுக்கு "கூட்டத்தைக் கவர்வார், மேடை, விற்பனை, நடிப்புத் துறைகள் ஏற்றவை" என்று போட்டிருந்தது. அன்று முழுக்க அவள் யாரோடும் பேசாமல் காப்பிச்செடி அடியில் நத்தை ஓடு பொறுக்கிப் பாவாடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்ட அக்காதான் அதைப் போட ஒரு டப்பா கொடுத்தார். மூத்தவர்களுக்கு கலெக்டர், டாக்டர், நிர்வாகம். நடுப்பிள்ளைகளுக்கு வக்கீலும் சமரசம் பேசுகிற வேலையும். ஒரு வீட்டில் இரட்டையர்கள், ஆபரேஷனில் இரண்டு நிமிட இடைவெளியில் எடுத்தவர்கள். முதலில் எடுத்தவனுக்கு நிர்வாகமும் இரண்டாவது வந்தவனுக்கு நடிப்பும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. காசு போனால் போகட்டும், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை அந்தத் தாளைத் தானே எடுத்துப் படித்துவிட்டு, "அப்ப நான் டாக்டராக முடியாதாம்மா?" என்று காரில் கேட்டது. பத்தாம் வளைவில் வாந்தி வராமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்த எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. பெரியவள்தான், "அடியே அது எல்லாருக்கும் ஒரே தாளு, எனக்குத் தம்பின்னு போட்டிருக்கான் பாரு, நீ தம்பியா?" என்று கேட்டு முடித்து வைத்தாள்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் ஒரு பயிற்சி வைத்தார்கள், அதற்குப் பிறந்த வரிசையோடு சம்பந்தமே இல்லை. வீட்டில் தான் செய்கிற வேலை, தான் மட்டுமே செய்ய வேண்டியிருக்கிற வேலை, இரண்டையும் ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிக் குடும்பத்துக்குள் படித்துக்காட்ட வேண்டும். பெரியவள் எழுதியது: "காலிங் பெல் அடிச்சா நான்தான் எந்திரிக்கணும், படிச்சுட்டு இருந்தாலும்." சின்னவள் எழுதியது: "அக்காவோட பழைய யூனிஃபார்ம், பழைய சைக்கிள், பழைய ஜியாமெட்ரி பாக்ஸ்." அது வேலையே இல்லை என்று இவர் சொல்ல, அதைப் போட்டுக்கொள்வதுதான் வேலை என்றாள். அத்தை எழுத மாட்டேன் என்று வாயால் சொன்னார்: கடைசித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாராம், அவன் அழுதால் வாத்தியார் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவாராம், அதனால் மூன்றாம் வகுப்போடு போதும் என்று அவரே நின்றுவிட்டாராம். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கே அது தெரியாது. இந்த ஒரு பயிற்சியை மட்டும் வைத்து, மலையில் சாப்பாடும் போட்டு, பாதிக் காசு வாங்கினால் நான் ஊரெல்லாம் சொல்லி ஆள் சேர்த்துவிடுவேன். அந்தச் சீட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலிங் பெல்லுக்கு முறை வைத்திருக்கிறோம். சைக்கிள் இந்தத் தடவை சின்னவளுக்குப் புதிது.

போகிறேன் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு: ரிப்போர்ட் வேண்டாம், முகாம் மட்டும் போதும் என்று முன்கூட்டியே கேட்டுப்பாருங்கள், ஒத்துக்கொண்டால் லாபம். அப்படியே வாங்கினாலும் பிள்ளைகள் கையில் கிடைக்காமல் வையுங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மாலையில் பனி இறங்கினால் புல்தரையில் உட்கார முடியாது. பாட்டி இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

ரிப்போர்ட்டில் தம்பி என்று போட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, இரண்டாவது ரிப்போர்ட்டின் பாதி விலையையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். திருத்திய பிரதி அனுப்புகிறோம் மேடம் என்றார்கள், வந்தது. தம்பி போய்த் தங்கை வந்திருந்தாள், "அவன்" மட்டும் "அவன்" என்றே இருந்தது. பணத்தைப் பற்றி மறுபடி கேட்டதற்கு, அடுத்த முகாமில் தாத்தா பாட்டிகளுக்குச் சாப்பாடு இலவசம் என்று பதில் வந்தது. அத்தை புடவை எடுத்து வைத்துவிட்டார், கொள்ளு ரசத்தில் இந்தத் தடவை பூண்டைத் தட்டிப் போடச் சொல்ல வேண்டுமாம்.